ஸ்டார், எட்டு விநாடி, டெல்டா: நேர வரிசையை வரிசையாகவே எழுதுவது

பெரிய மும்முனை மோட்டாரை நேரடியாக லைனில் போட்டால், முதல் சில விநாடிகளுக்கு வழக்கமான கரண்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும். அதைத் தவிர்க்கத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். முதலில் மோட்டாரின் மூன்று காயில்களையும் ஸ்டார் இணைப்பில் (ஒவ்வொன்றின் ஒரு முனையும் ஓரிடத்தில் சேர) வைக்கிறார்கள். 415 வோல்ட் லைனில் ஒவ்வொரு காயிலுக்கும் அப்போது 240 வோல்ட்தான் கிடைக்கும். லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டாரை விட்டு டெல்டாவுக்கு (மூன்று காயில்களும் முக்கோணமாகச் சேர) மாற்றுகிறார்கள். இதைச் செய்பவை மெயின், ஸ்டார், டெல்டா என்ற மூன்று கான்டாக்டர்கள், அதாவது மின்காந்தத்தால் இழுபடும் பெரிய சுவிட்சுகள். மாற்றும் நேரத்தில் ஸ்டார் கான்டாக்டரும் டெல்டா கான்டாக்டரும் சேர்ந்து உள்ளே இருந்துவிடக் கூடாது. இருந்தால் மூன்று ஃபேஸும் நேரடியாக ஷார்ட். அதனால் நடுவில் சுமார் 50 மில்லிவிநாடி இடைவெளி விடுவார்கள், ஸ்டார் கான்டாக்டரில் எழும் பொறி அணைவதற்கு.

மோட்டார் ரூமில் நின்று கேட்டவர்களுக்கு இந்த வரிசை காதிலேயே பதிந்திருக்கும். முதலில் ஒரு 'டப்'. பிறகு மெல்ல ஏறும் உறுமல். எட்டு எண்ணுவதற்குள் அடுத்தடுத்து 'டக், டப்'. உறுமல் கனத்து ஒரே சீராக நிற்கும். எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் ஒரே மூச்சில் சொல்வார்: "மெயினும் ஸ்டாரும் எடுக்கும், எட்டு செகண்ட் நிக்கும், ஸ்டார் விடும், டெல்டா எடுக்கும்." அவ்வளவுதான். முதலில் இது, கொஞ்சம் நின்று அது, பிறகு இன்னொன்று.

இந்த ஒரு வாக்கியத்தை மைக்ரோகன்ட்ரோலரில் (கருவிகளை இயக்கும் சின்னக் கணினிச் சிப்பில்) எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வழக்கமாக எல்லோரும் கற்றுக்கொள்ளும் முறை ஸ்டேட் மெஷின். ஒரு மாறியில் 'இப்போது எந்த நிலை' என்று குறித்து வைத்துக்கொண்டு, லூப் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்து முடிவெடுப்பது. தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

நிலை = நிறுத்தம் எனில்: பட்டன் அழுத்தியிருந்தால் மெயின் ஆன், ஸ்டார் ஆன், குறித்த நேரம் = இப்போது, நிலை = ஸ்டார்
நிலை = ஸ்டார் எனில்: குறித்த நேரத்திலிருந்து 8 விநாடி ஆகியிருந்தால் ஸ்டார் ஆஃப், குறித்த நேரம் = இப்போது, நிலை = இடைவெளி
நிலை = இடைவெளி எனில்: 50 மில்லிவிநாடி ஆகியிருந்தால் டெல்டா ஆன், நிலை = ஓட்டம்

வேலை செய்யும். மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. இனி இதில் ஒரே ஒரு சின்ன வசதியைச் சேர்த்துப் பாருங்கள். மோட்டார் கிளம்பும் முன், பக்கத்தில் யாராவது நின்றால் விலகிக்கொள்ள, பஸ்ஸர் மூன்று தடவை கத்த வேண்டும். பேச்சில் இது 'மூணு தடவை கத்து' என்ற ஒரே வரி. ஸ்டேட் மெஷினில் 'பஸ்ஸர் ஆன்' என்று ஒரு நிலை, 'பஸ்ஸர் ஆஃப்' என்று ஒரு நிலை, எத்தனையாவது தடவை என்று எண்ண ஒரு மாறி, அந்த மாறியை எங்கே பூஜ்யமாக்குவது என்ற கேள்வி. பூஜ்யமாக்க மறந்தால் முதல் முறை சரியாகக் கத்தும்; இரண்டாவது முறை கிளப்பும்போது கத்தாமலே மோட்டார் கிளம்பும். நான் அப்படி மறந்திருக்கிறேன். மேசையில் சோதித்தபோது ஒவ்வொரு தடவையும் போர்டை ரீசெட் செய்துதான் பார்த்தேன், அதனால் தப்பு கண்ணில் படவில்லை.

இங்கே நடந்தது என்ன என்று யோசித்தால், ஒரு மொழி நமக்குக் கொடுக்கும் மிக அடிப்படையான வசதிகளை நாமே தூக்கிப் போட்டிருக்கிறோம். ஒன்றன்பின் ஒன்றாக எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் என்பது, 'மூன்று முறை செய்' என்ற லூப், லூப்புக்குள்ளேயே பிறந்து அங்கேயே இறக்கும் உள்ளூர் மாறி, மூன்றும் போய்விட்டன. எல்லாவற்றையும் எண்களாலும் பொது மாறிகளாலும் கையால் கட்டிக்கொண்டிருக்கிறோம். படிப்பவர் 'நிலை =' என்ற ஒவ்வொரு வரியிலும் தாவித் தாவித்தான் கதையைத் திரும்பக் கோக்க முடியும்.

நமக்கு வேண்டியது இதுதான்:

பட்டனுக்குக் காத்திரு
3 முறை: பஸ்ஸர் ஆன், 200 மில்லிவிநாடி காத்திரு, பஸ்ஸர் ஆஃப், 800 மில்லிவிநாடி காத்திரு
மெயின் ஆன், ஸ்டார் ஆன்
8 விநாடி காத்திரு
ஸ்டார் ஆஃப்
50 மில்லிவிநாடி காத்திரு
டெல்டா ஆன்

ஆர்டினோ என்ற பழகு போர்டில் விளையாடியவர்கள் உடனே கேட்பார்கள்: இதற்குத்தான் 'டிலே' என்ற கட்டளை இருக்கிறதே? இருக்கிறது. அந்த எட்டு விநாடியும் பிராசஸர் வேறெதையும் பார்க்காமல் நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். ஸ்டாப் பட்டனை அழுத்தினாலும் லூப்புக்குத் தெரியாது, ஒரு ஃபேஸ் போனாலும் தெரியாது. மோட்டார் எரிவதற்கு எட்டு விநாடி தாராளம். அதனால்தான் 'டிலே போடாதே, மில்லிஸ் (போர்டு கிளம்பியதிலிருந்து ஓடிய மில்லிவிநாடி) பார்த்து ஸ்டேட் மெஷின் எழுது' என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அறிவுரை சரிதான். ஆனால் அதைக் கேட்டவர்கள், காத்திருப்பதே தப்பு என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். தப்பு காத்திருப்பதில் இல்லை, பிறரையும் சேர்த்துக் காக்கவைப்பதில் இருக்கிறது. 'காத்திரு' என்ற சொல்லுக்கு 'என்னை இந்த வரியிலேயே விட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார், நேரம் வந்ததும் இதே இடத்திலிருந்து என்னை எழுப்பு' என்று பொருள் வந்துவிட்டால் போதும்.

அப்படிப் பாதியில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஃபங்க்ஷனுக்குப் பெயர் கோரூட்டீன். புதுச் சரக்கு இல்லை. மெல்வின் கான்வே 1958-ல் வைத்த பெயர். 1963-ல் அவர் ஒரு கம்பைலரை (நாம் எழுதும் புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை) விளக்கி எழுதிய கட்டுரையில் அச்சில் வந்தது. நேர வரிசைக்கு இதை மனமாரப் பயன்படுத்தியவர்கள் கேம் எழுதுகிறவர்கள். 1987-ல் 'மேனியாக் மேன்ஷன்' விளையாட்டுக்காக ரான் கில்பர்ட்டும் ஆரிக் வில்மண்டரும் உருவாக்கிய 'ஸ்கம்' என்ற மொழியில், பல ஸ்கிரிப்டுகள் ஒரே சமயத்தில் ஓடும். ஒரு பாத்திரம் கதவுவரை நடக்கும்வரை ஒரு ஸ்கிரிப்ட் காத்திருக்கும், அதே வேளையில் இன்னொன்று சுவரில் கடிகாரத்தை ஓட்டும். இத்தனையும் 64 கிலோபைட் நினைவகம் கொண்ட கமடோர் 64 கணினியில். பிறகு பிரேசிலில் பிறந்த லுவா மொழி 2003-ல் வந்த 5.0 பதிப்பில் கோரூட்டீனைச் சேர்த்தது. கேம் நிறுவனங்கள் அதை வாரி எடுத்துக்கொண்டன. இன்று யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் 'இரண்டு விநாடி காத்திரு, பிறகு கதவைத் திற' என்று நேர்கோட்டில் எழுதாத ஆள் இல்லை.

சின்ன சிப்புகளில் இது நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. பழைய ஆர்டினோ ஊனோவில் இருக்கும் ரேம் நினைவகம் மொத்தமே 2 கிலோபைட். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஸ்டாக் (அதன் உள்ளூர் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதி) ஒதுக்கினால் நாலைந்து வேலையிலேயே தீர்ந்துவிடும். இதற்கு ஸ்வீடனின் ஆடம் டங்கல்ஸும் நண்பர்களும் 2006-ல் கட்டுரையாக விளக்கிய புரோட்டோத்ரெட்ஸ் என்ற சி நூலகம் அழகான விடை. ஒரு வேலைக்கு அது எடுப்பது 2 பைட். அந்த இரண்டு பைட்டில் இருப்பது, எந்த வரியில் நின்றோம் என்ற வரி எண். சி மொழியின் 'ஸ்விட்ச்' கட்டளையின் 'கேஸ்' அடையாளத்தை ஒரு லூப்பின் நடுவிலும் வைக்கலாம் என்ற விநோத அனுமதியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை அழைக்கும்போது நேரே அந்த வரிக்கே குதித்துவிடுகிறார்கள். இதே அனுமதியை 1983-ல் டாம் டஃப் வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். அதைக் கோரூட்டீன் ஆக்கலாம் என்று சைமன் டேட்டம் 2000-ல் எழுதிக் காட்டினார். விலையும் உண்டு. நடுவில் நிற்கும்போது உள்ளூர் மாறிகள் அழிந்துவிடும், 'ஸ்டாட்டிக்' போட்டுக் காப்பாற்ற வேண்டும். நம் பஸ்ஸர் எண்ணிக்கை மறுபடி பொது மாறி போலாகிவிடும். இருந்தாலும், லூப் தொடங்கும் வரியிலேயே அது பூஜ்யமாகிறது, அதனால் மறக்க வழியில்லை.

இந்த வரி எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'நிலை = ஸ்டார்', 'நிலை = இடைவெளி' என்று நாம் கையால் வைத்த எண்ணும் இதுவும் ஒன்றேதான். சி ஷார்ப், கோட்லின், ரஸ்ட் ஆகியவற்றின் கம்பைலர்கள் நேர்கோட்டில் எழுதிய அசிங்க் ஃபங்க்ஷனை (இப்படிப் பாதியில் நின்று தொடரும் ஃபங்க்ஷனை) உள்ளுக்குள் ஸ்டேட் மெஷினாகத்தான் மாற்றுகின்றன, உள்ளூர் மாறிகளையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு. ஆக, ஸ்டேட் மெஷின் ஒழிந்துவிடவில்லை. அதை எழுதும் வேலை நம் கையிலிருந்து கம்பைலர் கைக்குப் போயிருக்கிறது. நிலைகளுக்குப் பெயர் வைத்து, எண் கொடுத்து, அம்புக்குறி தப்பாமல் பார்த்துக்கொள்வது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை என்பது என் திடமான எண்ணம்.

நிறுத்துவதுதான் உண்மையான சோதனை. எட்டு விநாடிக் காத்திருப்பின் மூன்றாவது விநாடியில் ஸ்டாப் அழுத்தினால் என்ன ஆக வேண்டும்? எல்லா வரிக்கும் நடுவே 'ஸ்டாப் அழுத்தினார்களா' என்று கேட்டுக்கொண்டே போனால், கிடைத்த நேர்கோடு மறுபடி சிக்கலாகிவிடும். பலர் கோரூட்டீனைக் கைவிட்டு ஸ்டேட் மெஷினுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நான் பார்த்ததிலேயே தெளிவான பதிலைச் சொன்னது பிரான்ஸின் எஸ்டெரல் மொழி. 1980-களின் தொடக்கத்தில், ரோபோ கார் போட்டி ஒன்றுக்காக வண்டி செய்துகொண்டிருந்த மர்மோராவும் ரிகோவும், அன்றிருந்த மொழிகளில் நேரத்தையும் சிக்னலையும் எழுத முடியாமல் திண்டாடியதில் பிறந்தது. அதற்கு முறையான இலக்கணம் அமைத்தவர் ஜெரார் பெரி. அதில் 'இந்த சிக்னல் வரும்வரை இதையெல்லாம் செய், வந்ததும் எந்த வரியில் இருந்தாலும் அப்படியே கைவிடு' என்று வெளியே ஒரு உறை போட்டுவிடலாம். உள்ளே இருக்கும் வரிசைக்கு ஸ்டாப் பட்டன் ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

அந்த மொழிக்காரர்கள் எப்போதும் காட்டும் ஓர் உதாரணம் உண்டு. ஏ என்ற சிக்னலும் பி என்ற சிக்னலும், எந்த வரிசையிலாவது, இரண்டும் வந்ததும் ஓ என்ற சிக்னலைக் கொடு. ஆர் வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கு. நிலைகளாக வரைந்தால்: எதுவும் வரவில்லை, ஏ மட்டும், பி மட்டும், இரண்டும். நான்கு நிலை, ஒவ்வொன்றிலிருந்தும் ஆர் அம்பு. மூன்று சிக்னல் என்றால் எட்டு நிலை. பத்து சிக்னல் என்றால் 1,024. எஸ்டெரலில் சிக்னல் ஒன்று கூடினால் ஒரு சொல்தான் கூடும். ஆர் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கும். தாளில் நிலைப்படம் வரைந்து அம்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்றைய மொழிகளில் இதன் சாயல் வந்துவிட்டது. பைத்தானின் ட்ரையோ நூலகம் 2018-ல் வலியுறுத்திய கருத்து, ஒரு வேலைக்குள் கிளம்பும் கிளை வேலைகள் அந்த வேலை முடியும் முன் முடிந்தோ கைவிடப்பட்டோ ஆக வேண்டும் என்பது. அனாதையாக எதுவும் பின்னணியில் ஓடக் கூடாது. 2022-ல் பைத்தான் 3.11-லேயே டாஸ்க் குரூப் என்ற பெயரில் அது சேர்ந்தது. நம் ஸ்டார்ட்டரில் இது இப்படி அமையும்:

ஸ்டாப், ஓவர்லோட், ஃபேஸ் இழப்பு ஆகியவற்றில் ஒன்று வரும்வரை: மேலே எழுதிய வரிசை, பிறகு முடிவில்லாமல் காத்திரு
எப்படி முடிந்தாலும்: டெல்டா ஆஃப், ஸ்டார் ஆஃப், மெயின் ஆஃப், பஸ்ஸர் ஆஃப்

'எப்படி முடிந்தாலும்' என்ற அந்த வரி இல்லாத வரிசையை நான் மோட்டாரில் ஏற்றமாட்டேன். கைவிடுவது சுலபம், கைவிட்டபின் எதையும் ஆனில் விட்டுச் செல்லாமல் இருப்பதில்தான் கவனம் வேண்டும். (இதெல்லாம் இருந்தும், ஸ்டார் கான்டாக்டரின் காயில் லைன் டெல்டாவின் என்.சி. காண்டாக்ட், அதாவது கான்டாக்டர் எடுக்காதபோது மட்டும் மூடியிருக்கும் காண்டாக்ட், வழியாகவும், டெல்டாவின் லைன் ஸ்டாரின் என்.சி. வழியாகவும்தான் போக வேண்டும். சாஃப்ட்வேர் தவறினாலும் இரண்டும் சேர்ந்து எடுக்காதபடி வயரிங்கிலேயே இருக்கும் இந்த இன்டர்லாக்கை எந்தப் புரோகிராமும் ஈடுசெய்யாது.)

அடுத்தது நேரம். 'ஒரு விநாடி காத்திரு, வேலையைச் செய்' என்று லூப்பில் எழுதினால், வேலைக்கே 3 மில்லிவிநாடி ஆகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றும் 1,003 மில்லிவிநாடி. ஒரு நாளில் நான்கு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கிவிடும். 'இப்போதிலிருந்து ஒரு விநாடி' என்று காத்திருக்காமல், 'போன முறை குறித்த நேரத்திலிருந்து ஒரு விநாடி' என்று காத்திருந்தால் இந்த நழுவல் சேராது. மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான ஃப்ரீ ஆர்டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் இந்த இரண்டுக்கும் தனித்தனி ஃபங்க்ஷன் வைத்திருப்பது இதனால்தான். பஸ்ஸருக்கு முதல் வகை போதும், தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பாய்ச்சும் வரிசைக்கு இரண்டாவது வேண்டும்.

கடிகாரம் நிரம்பி வழிவதும் உண்டு. 32 பிட்டில் மில்லிவிநாடியை எண்ணினால் 49 நாள் 17 மணி நேரத்தில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'இப்போது, முடியும் நேரத்தைவிடப் பெரிதா' என்று ஒப்பிட்டால் அன்றைக்குக் கோளாறு. 'இப்போது கழித்தல் தொடங்கிய நேரம்' என்று கழித்துப் பார்த்தால் பிரச்சினை இல்லை. எண்ணி நிரம்புவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போயிங் 787-ன் ஜெனரேட்டர் கன்ட்ரோல் யூனிட்டுகள் தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் இதே வகைக் காரணத்தால் செயலிழக்கலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை உத்தரவே போட்டது. ஸ்டேட் மெஷினில் இந்தக் கழித்தல் ஒவ்வொரு நிலையிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும், இருபது இடத்தில் ஒன்று தவறலாம். 'காத்திரு' என்று ஒரே ஃபங்க்ஷன் இருந்தால் அதற்குள் ஒரு தடவை சரியாக எழுதினால் தீர்ந்தது. அந்த ஃபங்க்ஷனுக்குப் பொய்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, எட்டு விநாடி வரிசையைக் கண்ணிமைப்பதற்குள் கணினியிலேயே ஓட்டிச் சோதிக்கவும் முடியும். நான் இந்த முறைக்கு மாறியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஸ்டேட் மெஷினையே தூக்கிவிடச் சொல்கிறேனா? இல்லை. எந்த நேரத்திலும் எதுவும் வரலாம், வந்ததற்கு ஏற்ப நடக்க வேண்டும் என்ற இடங்களில் நிலைதான் சரியான சொல். இணையத்தில் தகவல் போய்வரும் விதிமுறையான டிசிபிக்கு 1981-ல் வரையறுக்கப்பட்ட 11 நிலைகளை ஒரு கதையாகச் சொல்ல முயன்றால் தலை சுற்றும். எங்கள் கன்ட்ரோலரிலும் ஆட்டோ, மேனுவல், டிரிப் என்று மூன்று நிலை வெளியே அப்படியே இருக்கிறது. அவற்றுக்குள் நடக்கும் வரிசைகள்தான் கோரூட்டீன். மின்சாரம் போய் வந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய வாஷிங் மெஷின் மாதிரிக் கருவிகளிலும் நிலையை ஓர் எண்ணாக ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதி வைப்பது எளிது. பாதியில் நின்ற கோரூட்டீனை அப்படி எழுதி வைக்கப் பெரும்பாலான மொழிகளில் வழியில்லை. மோட்டாருக்கு அந்தக் கவலை கிடையாது. கரண்ட் போனால் எல்லாம் விட்டுவிட வேண்டும், வந்ததும் வோல்டேஜ் நிலைக்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து கிளம்ப வேண்டும். இந்தக் காத்திருப்பும் வரிசையின் தலையில் ஒரு வரி, அவ்வளவுதான்.

வரிசையாக எழுதுவதால் கிடைக்கும் இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. பேனலைப் பூட்டித் தந்த எலக்ட்ரீஷியனிடம், என்ன வரிசையில் எது எடுக்கும் என்று சரிபார்க்க, மேலே தமிழில் காட்டியது போன்ற வரிகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். '50 மில்லிவிநாடி காத்திரு' என்ற வரியில் விரல் நின்றது.

"இதுல ஸ்டார் விட்டுடும்னு நீங்களே நெனச்சுக்கிறீங்களே தம்பி. காண்டாக்ட் வெல்டு ஆகி ஒட்டிக்கிச்சுன்னா விடாதே?"

"அப்ப என்னண்ணே பண்றது?"

"அந்தக் கான்டாக்டர்ல ஆக்ஸிலரி காண்டாக்ட் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. அதுலேர்ந்து ஒரு வயர் இழுத்துத் தர்றேன். ஸ்டார் விட்டுச்சான்னு பாத்துட்டு அப்புறம் டெல்டாவ எடுக்கச் சொல்லுங்க."

அவர் புரோகிராம் எழுதியவர் இல்லை. ஸ்டேட் மெஷினாக இருந்திருந்தால் அந்தத் தாளை அவரிடம் கொடுத்திருக்கவே மாட்டேன். அன்று மாலை அந்த ஒரு வரி இரண்டானது:

ஸ்டார் விட்டதற்கான சிக்னலுக்குக் காத்திரு, அதிகபட்சம் 200 மில்லிவிநாடி, வராவிட்டால் டிரிப்
50 மில்லிவிநாடி காத்திரு